ஊருக்குப் புரோகிராம் எழுதித் தரும் தம்பிமாருக்கு



பாடசாலைக் கணினி அறையில் நடந்த ஒரு சின்ன விடயம் வட்ஸ்அப் குழுமங்களில் வேறு மாதிரிப் போய்க்கொண்டிருக்கிறது. "ஊர்ப் பிள்ளை கஷ்டப்பட்டு இலவசமா செய்து தந்த புரோகிராம வாத்திமார் தூக்கி வீசிட்டாங்க" என்று ஒரு குரல்பதிவும் சுற்றுகிறது. அப்படி யாரும் வீசவில்லை. அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள் என்ற வகையில் நடந்ததை நாங்களே சொல்லிவிடுகிறோம். இதில் பெற்றோருக்கும் தெரிய வேண்டிய விடயம் இருக்கிறது, வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் தம்பிமாருக்கும் இருக்கிறது. நீளமான பதிவுதான், ஒரு தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள்.

முதலில் பிரச்சினை என்ன என்று சொல்ல வேண்டும். நம்மட பிள்ளைகளின் பெயர்கள். பிறப்புச் சான்றிதழில் பாத்திமா, சேர்வு இடாப்பில் பாதிமா, பரீட்சை விண்ணப்பத்தில் ஃபாத்திமா. முகம்மது, முஹம்மது, முஹம்மத், மொஹமட் என்று ஒரே பெயர் நான்கு வேசம் போடும். ஆங்கிலத்தில் எழுதினால் கதை இன்னும் மோசம். சாதாரண தரச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் அது பிறப்புச் சான்றிதழோடு பொருந்தவில்லை என்று தெரியவரும். அதற்குப் பிறகு சத்தியக் கடதாசி, கொழும்புப் பயணம், வாப்பாவின் இரண்டு மூன்று நாள் உழைப்பு. வயல் வெட்டு நாளில் இந்த வேலை வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று இறக்காமத்து ஆட்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இதற்காகத்தான் 2019-இல் எங்களின் பழைய மாணவர் ஒருவர் பைதன் மொழியில் ஒரு புரோகிராம் எழுதித் தந்தார். சேர்வு இடாப்பின் பெயர்களையும் விண்ணப்பப் பட்டியலையும் ஒப்பிட்டு, "இந்தப் பிள்ளையின் பெயரில் ஓரெழுத்து வித்தியாசம் இருக்கிறது, பாருங்கள்" என்று காட்டும். நல்ல வேலை. மூன்று வருடம் அதைப் பாவித்தோம். பிறகு அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. நன்கொடையாக வந்த வேறொரு கணினியில் புதிய பைதனைப் போட்டு, தம்பியின் புரோகிராமைக் கொப்பி பண்ணி ஓட்டினால், ஓடவில்லை. தேவையான லைப்ரரியை மீண்டும் நிறுவப் போனால், விசுவல் சி பிளஸ் பிளஸ் 14 வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் நீளமாக ஒரு செய்தி. கட்டாரில் இருந்த தம்பிக்கு அனுப்பினோம். இரவு வேலை முடிந்து விடிய நேரம் பதில் போட்டார்: "சேர், அந்த லைப்ரரிய நான் பாத்து எடுத்ததெண்டில்ல. தேடேக்க முதலாவதா வந்துச்சு, போட்டன்."

அவரைக் குறை சொல்லவில்லை. நாங்களும் அப்படித்தான் எடுத்திருப்போம். ஆனால் அந்த வருடம் விண்ணப்பத்தின் கடைசித் திகதிக்குள் கையாலேயே சரிபார்க்க வேண்டி வந்தது. இரண்டு பிள்ளைகளின் பெயர் பிழையாகவே போனது. ஒரு பிள்ளையின் வாப்பா கொழும்புக்கு இரண்டு தடவை போய் வந்தார்.

இனி கொஞ்சம் உள்ளே போவோம். கணினி தெரியாதவர்களுக்கும் விளங்கும்.

பைதன், பிஎச்பி, லுவா போன்றவற்றை ஸ்கிரிப்ட் மொழிகள் என்போம். எழுதியதை அப்படியே ஓட்டலாம். பிள்ளைகளுக்கும் விளங்கும். உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் பைதன் இருப்பதும் அதனால்தான். ஆனால் ஒரே கணக்கை இலட்சம் தடவை செய்யச் சொன்னால் மெதுவாகப் போகும். அதற்கு மருந்தாக, கனமான பகுதியை மட்டும் சி அல்லது சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதி, கணினியின் சொந்த மொழிக்கு மாற்றி, பைதனுக்குள் செருகிவிடுவார்கள். வேகம் நூறு மடங்கு கூடினாலும் ஆச்சரியமில்லை. பல்கலைக்கழகங்களில் கணக்குக்குப் பாவிக்கும் நம்பை இந்த வழியில்தான் வேலை செய்கிறது.

சிக்கல் அந்தச் செருகிய துண்டில்தான். ஸ்கிரிப்ட் எழுத்து எங்கும் ஓடும். மாற்றிய துண்டு அப்படியில்லை, அது ஒரு குறிப்பிட்ட விண்டோஸ், 32 பிட்டா 64 பிட்டா, பைதனின் எந்தப் பதிப்பு என்று எல்லாம் பார்த்துத்தான் ஓடும். பைதன் 3.7-க்குச் செய்த துண்டு 3.12-இல் பொதுவாக ஏறாது. அதற்கும் மேலே, 3.12-இல் பைதனின் உட்பகுதியில் இருந்த பழைய யூனிகோட் வசதிகள் சிலவற்றை முழுதாக எடுத்துவிட்டார்கள். அவற்றை நம்பி எழுதிய சி துண்டுகளை மீண்டும் மாற்ற முயன்றாலும் மாறாது. தம்பி போட்ட பழைய பதிப்பும் அந்த வகைதான்.

அந்த லைப்ரரியின் கதையைத் தேடிப் பார்த்தோம். சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஸ்டைன் 1965-இல் ஒரு அளவைச் சொன்னார். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்பதுதான் அவற்றின் தூரம். முகம்மதுக்கும் முஹம்மதுக்கும் தூரம் ஒன்று. இதைக் கணக்கிடும் பைதன்-லெவன்ஸ்டைன் என்ற சி துண்டைத்தான் உலகம் முழுக்கப் பாவித்தார்கள். அதன் 0.12.0 பதிப்பு 2014-இல் வந்தது. அடுத்தது வர 2021 ஆனது. இடையில் பராமரிக்க ஆளில்லை. தயாராக மாற்றிய துண்டும் தரப்படவில்லை, மூலத்தை எடுத்து நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டும். விண்டோஸ் வைத்திருந்த எத்தனையோ பேர் அந்தச் சிவப்புச் செய்தியில் முட்டி நின்றிருக்கிறார்கள். நாங்கள் கடைசி ஆட்கள் அல்ல என்று ஒரு சின்ன ஆறுதல்.

இன்று நிலைமை வேறு. மெக்ஸ் பாக்மன் என்பவர் ரெபிட்ஃபஸ் என்று சி பிளஸ் பிளஸில் ஒன்று எழுதி 2020-இல் வெளியிட்டார். பழைய லெவன்ஸ்டைன் லைப்ரரியின் பராமரிப்பையும் இப்போது அவரே பார்க்கிறார். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் தயாரான துண்டுகள் கிடைக்கின்றன. எங்களுக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: சி பிளஸ் பிளஸ் துண்டு ஓட வழியில்லாத இடத்தில் அதே வேலையைச் செய்ய வெறும் பைதனில் எழுதிய மாற்றும் உள்ளேயே இருக்கிறது. மெதுவாகப் போகும், ஆனால் நிற்காது.

நம்மட வாப்பாமார் லேண்ட் மாஸ்டர் வாங்கப் போனால் முதலில் என்ன கேட்பார்கள்? எத்தனை குதிரைவலு என்றா? "சாமான் எங்க கிடைக்கும், திருத்துறதுக்கு ஆள் யாரு" என்றுதான் கேட்பார்கள். அம்பாறையிலும் அக்கரைப்பற்றிலும் உதிரிப்பாகம் கிடைக்காத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வயலுக்குள் இறங்காது. வெட்டு நாளில் அது நின்றுபோனால் நட்டம் யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியும். எந்த லைப்ரரிக்கு நட்சத்திரம் கூட, எது வேகம் என்று மட்டும் பார்க்கும் தம்பிமார் இந்தக் கேள்வியை வாப்பாவிடம் இருந்து எடுத்துக்கொண்டால் போதும்.

இது இலங்கைக்குப் புதிய பாடமும் இல்லை. இரண்டு மென்பொருள்கள் நம் நாட்டிலேயே பிறந்தவை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் நம் சொந்தங்களைத் தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களில், கொழும்பில் தொண்டர்கள் கூடி சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு எல்லாம் அதில் இருந்தது. பிஎச்பியில் எழுதிய ஒப்பன் சோர்ஸ் மென்பொருள். அடுத்த வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் அதை எடுத்துப் பாவித்தார்கள். பிறகு இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும். 2006-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது. ஹெய்ட்டி நிலநடுக்கம் நடந்த 2010-இல் பைதனில் புதிதாக எழுதிய வடிவம் ஓடியது. மொழி மாறியது, நாடு மாறியது, எழுதிய ஆட்களும் மாறினார்கள், வேலை தொடர்ந்தது.

மற்றது அதே காலத்தில் அதே வட்டாரத்தில் பிறந்தது. சஞ்சீவ வீரவரண தொடங்கிய லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனில் ஆரம்பித்த அப்பாச்சி எக்ஸிஸ்2-சி, சி மொழியில் எழுதிய ஒரு நூலகம். இணையத்தில் தூரத்தில் இருக்கும் இரண்டு மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேச உதவும். டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் அதை பிஎச்பிக்குள் செருகும் துண்டாக்கி 2007-இல் வெளியிட்டது. அதாவது நாங்கள் பேசிக்கொண்டிருக்கும் அதே வேலையை, ஸ்கிரிப்ட் மொழிக்குச் சி மொழியில் கை கால் பூட்டும் வேலையை, உலகத் தரத்தில் இலங்கைப் பிள்ளைகள் செய்தார்கள். பெருமைப்பட வேண்டிய விடயம். ஆனால் எக்ஸிஸ்2-சியின் 1.6.0 பதிப்பு 2009-இல் வந்த பிறகு வெளியீடுகள் நீண்ட காலம் நின்றுவிட்டன. 2015 டிசம்பரில் பிஎச்பி 7 வந்தபோது அதன் உட்பகுதியை அடியோடு மாற்றினார்கள். சி மொழியில் செருகிய எல்லாத் துண்டையும் திருத்தி எழுத வேண்டி வந்தது. எழுத ஆள் இருந்த துண்டுகள் பிழைத்தன. பிஎச்பி 5-க்காகச் செய்த இது அங்கேயே நின்றுவிட்டது. செய்தவர்களின் திறமையில் குறை எதுவும் இல்லை. செருகு துண்டின் ஆயுள் அதைச் செருகிய மொழியின் உட்பகுதி மாறும் வரைதான், அதற்குப் பிறகு யாராவது உட்கார்ந்து திருத்த வேண்டும்.

சரி, எங்களின் பெயர்ப் புரோகிராமுக்கு வருவோம். உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்தபோது முதலில் கேட்ட கேள்வி, இதற்குச் சி துண்டு தேவையா என்பது. எங்களிடம் ஏறத்தாழ 900 பெயர். ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால் 8,10,000 ஒப்பீடு. வெறும் பைதனில், அந்தப் பழைய கணினியில், ஆறு ஏழு நிமிடம் எடுத்தது. வருடத்துக்கு ஒரு தடவை செய்யும் வேலைக்கு ஏழு நிமிடம் காத்திருக்க முடியாதா? முடியும். அப்படியானால் 2019-இலேயே சி துண்டு போடாமல் விட்டிருந்தால் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு மாணவி விடவில்லை. "சேர், வலயத்தில உள்ள எல்லாப் பாடசாலைக்கும் இதக் குடுக்கிறதெண்டா?" நல்ல கேள்வி. 30,000 பெயர் என்று வைத்தால் 90 கோடி ஒப்பீடு, அதே கணினியில் ஐந்து நாள். இங்கேதான் பலர் உடனே சி பிளஸ் பிளஸுக்கு ஓடுவார்கள். அந்தப் பிள்ளை ஓடவில்லை. பிறந்த திகதி ஒன்றாக உள்ள பெயர்களை மட்டும் ஒப்பிட்டால் என்ன என்று கேட்டார். பத்து வருடத்துப் பிள்ளைகள் என்றால் ஒரு திகதிக்குச் சராசரி எட்டுப் பெயர்தான். 90 கோடி 2,40,000 ஆகச் சுருங்குகிறது. இரண்டு நிமிடம். திகதியே பிழையாகப் பதிந்த பிள்ளைகளை மிச்சமாக எடுத்து முழுதாக ஒப்பிட வேண்டும், அதற்கு மட்டும் ரெபிட்ஃபஸ் இருந்தால் நல்லது. ஆகவே இப்போதுள்ள புரோகிராம் ரெபிட்ஃபஸ் இருந்தால் அதைப் பாவிக்கும், இல்லாவிட்டால் சொந்தப் பைதன் எழுத்தில் ஓடும்.

வேகத்தை விடத் தமிழ் எழுத்துத்தான் எங்களுக்குக் கூடத் தலையிடி தந்தது. பாத்திமா என்பது நமக்கு நான்கு எழுத்து: பா, த், தி, மா. பைதனைக் கேட்டால் எட்டு என்கிறது, ஏனென்றால் காலும் விசிறியும் புள்ளியும் தனித்தனிக் குறி. அதையே சி மொழிக்கு அப்படியே கொடுத்தால் 24 பைட். ஒரு பிள்ளை ஆர்வத்தில் தானே சி மொழியில் தூரம் கணக்கிடும் துண்டு எழுதிக்கொண்டு வந்தார். ஆங்கிலப் பெயருக்குச் சரியாக இருந்தது. தமிழில் பைட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தது. பாத்திமாவுக்கும் பாதிமாவுக்கும் தூரம் ஒன்று என்று வர வேண்டியது ஆறு என்று வந்தது! பெரிய நாடுகளில் எழுதிய லைப்ரரி எதை எடுத்தாலும் நம் எழுத்தைப் போட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது என்று சொல்ல இதைவிட உதாரணம் வேண்டாம்.

இதற்குச் சி எதுவும் வேண்டியதில்லை. குறிகளை முன்னுள்ள எழுத்தோடு சேர்த்துப் பட்டியலாக்கினால் போதும், பைதனில் ஆறேழு வரி. முத்து அண்ணாமலையும் நண்பர்களும் செய்த ஓப்பன்-தமிழ் லைப்ரரியிலும் இது தயாராக இருக்கிறது, முழுக்க முழுக்கப் பைதன், எந்தக் கணினியிலும் ஏறும். ரெபிட்ஃபஸுக்கு அந்த எழுத்துப் பட்டியலையே கொடுக்கலாம். இன்னொரு மறைவான கோளாறு: "மொ" என்பதைச் சிலர் ஒரே குறியாகவும் சிலரின் கணினி இரண்டு குறியாகவும் பதிந்து வைத்திருக்கும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஒப்பிட முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், பைதனோடு வரும் யூனிகோட் தொகுதியே அதைச் செய்யும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியல்களைப் பற்றி இங்கே பேசவில்லை, அது தனிப் புலம்பல்.

சி துண்டு சொந்தமாக எழுதத்தான் வேண்டும் என்று நிற்கும் பிள்ளைகளுக்கு, ஒலுவிலுக்கோ வேறு பல்கலைக்கழகத்துக்கோ போகப் போகிறவர்களுக்கு, எங்களின் அபிப்பிராயம். பைதனோடு கூடவே வரும் சிடைப்ஸில் தொடங்குங்கள், தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. ஆனால் அது நீங்கள் சொல்வதை அப்படியே நம்பும். சி துண்டு திருப்பித் தரும் பெறுமானம் என்ன வகை என்று நீங்கள் சொல்லாவிட்டால் சாதாரண முழு எண் என்று எடுத்துக்கொள்ளும். நினைவக முகவரி ஒன்றைத் திருப்பித் தந்தால் 64 பிட் கணினியில் பாதி வெட்டுப்பட்டு, பைதனே எந்த அறிவிப்பும் இல்லாமல் மூடிக்கொள்ளும். எங்கள் அறையிலும் அப்படி மூடிக்கொண்டது, கரண்ட் போனது என்று நினைத்தோம். ஏற்கெனவே உள்ள சி நூலகத்தைப் பெரிதாகப் பாவிக்க வேண்டுமென்றால் சிஎஃப்எஃப்ஐ அதைவிட ஒழுங்கானது. பைதன் தெரிந்தவர் வேகத்துக்காக எழுதுவதென்றால் சைதன். எழுதும் முறை பைதன் போலவே இருப்பதால், எழுதியவர் போன பிறகு இன்னொரு பிள்ளை திறந்து பார்த்து விளங்கிக்கொள்ள முடியும். அதனால் எங்களின் வாக்கு அதற்குத்தான். சி பிளஸ் பிளஸ் நன்றாகத் தெரிந்தவருக்கு வென்சல் யாக்கொப் எழுதிய பைபைண்ட்11 அழகானது, எங்கள் ஊர்ப் பாடசாலைக்கு இப்போதைக்குத் தேவையில்லை. 1990-களில் இருந்து வரும் ஸ்விக் பல மொழிகளுக்கு ஒரே நேரத்தில் பாலம் போடும், பாரமானது.

எதை எடுத்தாலும் பைதனின் நிலையான உட்பகுதியை மட்டும் தொட்டு எழுத முடியுமா என்று பாருங்கள். 3.2 பதிப்பில் இருந்து அப்படி ஒரு வரையறை இருக்கிறது. அதற்குள் நின்று செய்த துண்டு பைதன் புதுப்பித்தாலும் தொடர்ந்து ஓடும். 2019-இல் இது எங்களுக்கும் தெரியாது.

உரிமம் பற்றிச் சிலர் கேட்டார்கள். பழைய லெவன்ஸ்டைன் லைப்ரரி ஜிபிஎல் உரிமத்தில் இருந்தது, ரெபிட்ஃபஸ் எம்ஐடி. பாடசாலைக்குள் பாவிக்க இரண்டும் ஒன்றுதான். இன்னொருவருக்குப் பகிரும்போது ஜிபிஎல் மூல எழுத்தையும் சேர்த்துக் கொடு என்கிறது. எங்களுக்கு அதில் வருத்தமே இல்லை, கொடுக்கத்தான் வேண்டும். மூலம் இல்லாமல் ஓடும் கோப்பை மட்டும் தந்துவிட்டுப் போகும் ஆட்களிடம் பட்டவர்கள் நாங்கள்.

ஒப்பன் சோர்ஸ் என்றாலே பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். 2024 மார்ச்சில் எக்ஸ்ஸட் என்ற சுருக்கும் கருவிக்குள் கள்ளக் கதவு வைக்கப்பட்டிருந்தது பிடிபட்டது. தனியாளாகப் பராமரித்துக் களைத்துப்போனவருக்கு உதவுவதாக வந்த ஒருவர், இரண்டு வருடத்துக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்து அதைச் செய்திருந்தார். அந்தரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியியலாளர், உள்நுழைவு வழமையை விட அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்துப் பிடித்தார். மாற்றிய துண்டுக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. எனவே யார் செய்கிறார், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று விசாரிப்பது பொண்ணு மாப்பிள்ளை விசாரிப்பது போல அவசியம். தூர ஊரில் களைத்துப்போய்ப் பராமரிக்கும் ஒருவருக்கும், கட்டாரில் இரவு வேலை முடித்து எங்களுக்குப் பதில் போடும் தம்பிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று எங்களுக்குப் பட்டது. இரண்டு பேரையும் தனியாக விட்டுவிட்டுத்தான் பாவித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தம்பியோடு நாங்கள் கோபமில்லை, அவரும் எங்களோடு கோபமில்லை. புதிய எழுத்தை அவருக்கு அனுப்பினோம், இரண்டு பிழை கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினார். குரல்பதிவு போட்டவருக்கும் இந்தப் பதிவு போய்ச் சேரட்டும். இனி எழுதித் தரும் தம்பிமாரிடம் எங்களின் வேண்டுகோள் இவ்வளவுதான்: எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு பக்கம் தமிழில் எழுதி வையுங்கள். நிறுவத் தேவையான கோப்புகளையும் ஒரு பென் டிரைவில் போட்டுத் தாருங்கள், எங்கள் அறையில் இணையம் எல்லா நாளும் இல்லை. வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்காவது அதைத் திறந்து காட்டிவிட்டுப் போங்கள்.

பெற்றோருக்கு: புதிய புரோகிராம் முதல் ஓட்டத்தில் 41 பெயர்களில் வித்தியாசம் காட்டியிருக்கிறது. அதில் எது சரி என்று கணினிக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். அடுத்த முறை சாதாரண தரம் எழுதும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் மூலப் பிரதியோடு சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கணினி அறைக்கு வாருங்கள். போட்டோக் கொப்பி வேண்டாம், சில எழுத்துகள் அதில் அழிந்திருக்கின்றன.